கூழுக்கு ஏது சாதி?

என் அம்மாவுக்கு மாத்திரை முழுங்க வராது. "தொண்டைக்குள்ளயே நின்னுக்கிருதுடா" என்பாள். அதனால் அம்மியில் வைத்து நுணுக்கி, ஒரு கரண்டிக் கஞ்சியில் கலந்து குடித்துவிடுவாள். காய்ச்சல் மாத்திரை, வயிற்றுவலி மாத்திரை எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம்தான். சில வருசத்துக்கு முன்னால் இரத்தக்கொதிப்புக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காலையில் ஒன்று போட்டால் போதும், நாள் முழுக்க வேலை செய்யும் என்றார்கள். அதையும் நுணுக்கித்தான் குடித்தாள். குடித்துவிட்டுக் களையெடுக்கப் போனவள் வரப்பிலேயே தலைசுற்றி விழுந்தாள். நெற்றியில் நாலு தையல்.

"அதைய உடைக்கவே கூடாதும்மா. ஒரு நாளைக்கு உண்டான மருந்து மொத்தமும் ஒரே அடியா இறங்கிருச்சு" என்றார் தையல் போட்ட நர்சம்மா. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் இங்கிலீசில் இரண்டே எழுத்து: எஸ்.ஆர். 'இது மெதுவாக மருந்தை விடும், உடைக்காதே, மெல்லாதே' என்கிற எச்சரிக்கை முழுவதும் அந்த இரண்டு எழுத்துக்குள்தான் ஒளிந்துகிடக்கிறது. தன் பேரைக்கூட எழுதத் தெரியாத கூலிக்காரப் பொம்பளை அதை எப்படிப் படிப்பாள்? படிக்கத் தெரிந்த நானே படிக்கவில்லையே.

அந்தக் கோபத்தில்தான் விசாரிக்க ஆரம்பித்தேன். ஒரு மாத்திரை எப்படி மெதுவாக வேலை செய்யும்? அதற்குள் கடிகாரமா வைத்திருக்கிறான்? என் பெரியப்பா மகனுடைய பிள்ளை ஒருத்தி பி.பார்ம் படிக்கிறாள். எங்கள் சேரியிலிருந்து மருந்துப் படிப்புக்குப் போன முதல் பிள்ளை. அவளிடம் கேட்டேன். "சித்தப்பா, ஜிகர்தண்டா குடிச்சிருக்கீகள்ல?" என்று ஆரம்பித்தாள். மதுரைக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது?

"அதுல பாதாம் பிசினும் கடல்பாசியும் கொழகொழன்னு கெடக்குதுல்ல, அதான் ஜெல்லு. துளியூண்டு பிசினு எம்புட்டுத் தண்ணியப் பிடிச்சு வச்சுக்கிருது பாருங்க. அதுக்குள்ள எதையாச்சும் வச்சோம்னா பொசுக்குன்னு வெளிய வராது. கசிஞ்சு கசிஞ்சுதான் வரும். மருந்தையும் அப்படித்தான் வைக்கிறாக."

விசயம் அவ்வளவுதான். பாலிமர் என்றால் நீளமான சங்கிலி மூலக்கூறு. அந்தச் சங்கிலிகள் பின்னிக்கொண்டு வலையாகி, வலைக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அது கூழ். அம்மா முழுங்கியது போன்ற பல மாத்திரைகளில் ஹைப்ரோமெல்லோஸ் என்ற பொருளைக் கலந்திருப்பார்கள். மரக்கூழிலிருந்தும் பஞ்சிலிருந்தும் எடுக்கிற செல்லுலோசை இரசாயனத்தில் பக்குவப்படுத்திச் செய்வது அது. வயிற்றில் ஈரம் பட்டதும் மாத்திரையின் மேல்பக்கம் ஊறிக் கூழாகிவிடும். அந்தக் கூழைத் தாண்டித்தான் மருந்து வெளியே வரமுடியும். மணிக்கணக்காக வரும். அம்மிக்கல்லில் நுணுக்கினால் கரையை உடைத்துவிட்ட கண்மாய்தான்.

இது நேற்றுப் பிறந்த வித்தை இல்லை. மெதுவாக வேலை செய்யும் மருந்து 1952லேயே அமெரிக்காவில் கடைக்கு வந்துவிட்டது. 'ஸ்பான்சூல்' என்று பெயர். ஒரு குப்பிக்குள் நூற்றுக்கணக்கான குருணை. ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு கனத்தில் பூச்சு. ஒன்று சீக்கிரம் கரையும், ஒன்று தாமதமாகக் கரையும்.

இதில் நமக்கு என்ன என்று தோழர்கள் கேட்கலாம். நமக்குத்தான் இருக்கிறது. 'மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதுகிற டாக்டர், நோயாளி மூன்று வேளை சாப்பிடுகிறவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார். விடிகாலை நாலரைக்கு எழுந்து, ஐந்தரைக்கு ஷேர் ஆட்டோவில் ஏறி, நடவுக்கோ சித்தாள் வேலைக்கோ போகிற பெண்ணுக்கு மத்தியான மாத்திரை ஏது? பையில் வைத்தால் வேர்வையில் நனையும். வீட்டில் வைத்தால் மறந்துபோகும். ஒரு நாளைக்கு ஒரே தடவை போட்டால் போதும் என்கிற மருந்து, கூலிக்காரனுக்கும் கூலிக்காரிக்கும்தான் முதலில் வேண்டும். அது ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறவனுடைய சொகுசு என்று விட்டுவிடக்கூடாது.

* * *

சரி, இந்தக் கூழ் எங்கிருந்து வருகிறது? மரத்திலிருந்து வருவதைச் சொன்னேன். இன்னும் இரண்டு ஊற்று இருக்கிறது. ஒன்று எலும்பு, இன்னொன்று கடல்.

எலும்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஊரில் மாடு செத்தால் எங்கள் தாத்தனுக்குத்தான் ஆள் வரும். தூக்கிக்கொண்டு போய்த் தோலை உரித்து, கறியைக் கூறு போட்டு, மிச்சத்தை ஓடைக்கரையில் போடுவார். வெயிலில் காய்ந்து வெளுத்த எலும்பைச் சின்னப்பிள்ளைகள் நாங்கள் பொறுக்குவோம். சாக்குமூட்டை கட்டி எலும்பு யாவாரியிடம் போட்டால் கிலோவுக்குச் சில பைசா. அதில் வாங்கின நோட்டில்தான் நான் அ, ஆ எழுதினேன். எலும்பெல்லாம் மில்லில் அரைத்து உரமாகப் போகிறது என்று யாவாரி சொல்வார். பள்ளிக்கூடத்தில் 'எலும்பு பொறுக்கி' என்று எனக்குப் பெயர். பக்கத்தில் உட்கார்ந்தால் வாடை அடிக்கிறது என்று பெஞ்சை விட்டு எழுந்துபோவார்கள்.

எலும்பு உரத்துக்கு மட்டும் போகவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நொறுக்கிய மாட்டெலும்பைக் கொழுப்பு நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறப்போடுவார்கள். சுண்ணச்சத்து கரைந்துவிடும். மெத்தென்று மிஞ்சுவதற்கு ஒசீன் என்று பெயர். அதை வாரக்கணக்கில் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு, கழுவி, வெந்நீரில் காய்ச்சி எடுத்தால் ஜெலட்டின். கடலூர் சிப்காட்டிலும் கேரளத்திலும் இதற்கு ஆலைகள் இருக்கின்றன. தோலிலிருந்தும் எடுப்பார்கள். துருப்பிடிக்காத எஃகு ஊசிகளை ஜெலட்டின் கரைசலில் முக்கி எடுத்துக் காயவைத்து உருவினால் அதுதான் கேப்சூல் கூடு. பாதி சிவப்பு, பாதி மஞ்சளாக நாம் முழுங்குகிறோமே, அதேதான். வயிற்றுச் சூட்டில் சில நிமிசத்தில் இளகி உடைந்து மருந்தை விட்டுவிடும். இதே ஜெலட்டினை நுண்ணிய உருண்டைகளாக்கி இறுக்கினால் மருந்தை மெதுவாகவும் விட வைக்கலாம்.

ஆக, எங்கள் தாத்தனைத் தெருவுக்குள் விடாதவன், அவர் தூக்கின மாட்டைப் போன்ற ஒரு மாட்டின் எலும்பைத்தான் காய்ச்சல் வந்தால் முழுங்கியிருக்கிறான். முழுங்கிப் பிழைத்தும் இருக்கிறான்.

இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. செத்த மாடு தூக்குவது சாதி சுமத்தின இழிவு. 1927 மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டுக் கறியை விட்டொழியுங்கள் என்று நம் சனத்திடம் சொன்னார். எங்கள் ஊரிலும் 90களில் இளவட்டங்கள் கூடி, இனிமேல் மாடு தூக்கமாட்டோம், பறை அடிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக வாங்கின அடியும் வழக்கும் தனிக்கதை. நான் கேட்பது வேறு. எலும்பு பொறுக்கினவனுக்குக் கிடைத்தது வாடையும் வசவும். எலும்பைக் காய்ச்சினவனுக்குக் கிடைத்தது ஆலையும் ஏற்றுமதியும். இந்தக் கணக்கை எவனாவது எழுதியிருக்கிறானா?

* * *

கேப்சூல் பாடம் நடந்த அன்றைக்கு வகுப்பில் நடந்ததை மகள் சொன்னாள். ஜெலட்டின் மாட்டெலும்பிலிருந்து வருகிறது என்று வாத்தியார் சொன்னதும் இரண்டு மூன்று பேர் "ச்சீ" என்று வாயைப் பொத்திக்கொண்டார்களாம். "இம்புட்டு நாளா இதையா முழுங்கினோம்" என்று ஒருத்தி அழாத குறையாம்.

"அந்த எலும்பப் பொறுக்குனது எங்க வீட்டு ஆளுகதான்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு சித்தப்பா. சொல்லல."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நாளைக்கு லேப்ல என் பக்கத்துல யாரு நிப்பா?"

நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பெஞ்சு எனக்கும் தெரியும்.

அந்த "ச்சீ" வகுப்பறையோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. அது டெல்லி வரைக்கும் போனது. 2002இல் டெல்லி உயர்நீதிமன்றம், உயிர்காக்கும் மருந்துகள் நீங்கலாக மற்ற மருந்துகளில் விலங்குப் பொருள் இருந்தால் சைவ - அசைவ அடையாளம் போடவேண்டும் என்றது. 2013இல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. 2016இல் மத்திய மந்திரியாக இருந்த மேனகா காந்தி, சைவம் சாப்பிடுகிறவர்களின் மனம் புண்படுகிறது, ஜெலட்டின் கூட்டுக்குப் பதில் செடிப்பொருள் கூடு கொண்டுவர வேண்டும் என்று சுகாதார அமைச்சகத்துக்கு எழுதினார். அமைச்சகம் கருத்துக் கேட்டது. 2017இல் நிபுணர் குழுவே போட்டார்கள்.

வருசத்தைக் கவனியுங்கள் தோழர்களே. அதே 2016, ஜூலை 11. குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த நம் பிள்ளைகளைக் காரில் கட்டிவைத்து இரும்புக் கம்பியால் அடித்தார்கள். அடித்ததைப் படமும் எடுத்து ஊருக்குக் காட்டினார்கள். அந்த மக்கள் செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் சுரேந்திரநகர் கலெக்டர் ஆபீசில் போட்டுவிட்டு, 'உங்க மாதாவை நீங்களே அடக்கம் பண்ணிக்கங்க' என்கிற பொருளில் பதில் சொன்னார்கள். அடுத்த ஆண்டு மே மாதம், சந்தையில் மாட்டை வெட்டுக்கு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஒரு வாரத்துக்குள் அதற்கு முதலில் தடை போட்டது நம் மதுரை உயர்நீதிமன்றக் கிளைதான். ஒரு பக்கம் உரித்தவன் முதுகில் கம்பி. இன்னொரு பக்கம் சந்தைக்குப் பூட்டு. மூன்றாவது பக்கம் மாத்திரைக் கூட்டில் தீட்டு பார்க்க ஒரு குழு. எல்லாம் ஒரே வீட்டுச் சமையல்தான்.

செடிப்பொருள் கூடு கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஈரம் பட்டால் கெடுகிற சில மருந்துகளுக்கு அது நல்லது என்றுகூட மகள் சொல்கிறாள். மார்க்கத்தின் காரணமாகப் பன்றியிலிருந்து வந்ததை ஒதுக்குகிற இசுலாமியத் தோழருக்கும், கறியே தொடாத சமணருக்கும், தான் முழுங்குவது என்ன என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. 1990களில் ஐரோப்பாவில் மாட்டுப் பைத்திய நோய் பரவியபோது எலும்பு ஜெலட்டின் பத்திரமானதா என்று கேட்டார்களே, அது அறிவியல் கேள்வி. அதற்குச் சோதனை உண்டு, விடை உண்டு. 'எங்கள் மனம் புண்படுகிறது, அதனால் நாட்டில் எல்லோருடைய மாத்திரையையும் மாற்று' என்பது என்ன கேள்வி? செடிப்பொருள் கூட்டின் விலை ஜெலட்டின் கூட்டைவிட இரண்டு மூன்று மடங்கு என்று அந்தச் சமயத்திலேயே மருந்துக் கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். கம்பெனிக்காரன் பேச்சில் இலாபக் கணக்கு இருக்கும்தான். ஆனால் கூடுதல் விலையை அவன் தன் கைக்காசிலிருந்து கொடுக்கப்போவதில்லை. கடையில் ஒரு அட்டை வாங்கக் காசில்லாமல் 'ரெண்டே ரெண்டு வெட்டிக் குடுங்கண்ணே' என்று கேட்கிற நம் சனம்தான் கொடுக்கும். ஒருத்தனுடைய சுத்தத்துக்கு இன்னொருத்தன் தண்டம் கட்டுவதற்குப் பேர்தானே சாதி?

* * *

இனி மூன்றாவது ஊற்று. எலும்பு வேண்டாம், கடல்பாசி எடுத்துக்கொள்வோம், அது சுத்த சைவம் என்று ஒருவர் சொல்லலாம். அந்தச் சைவத்தையும் கிட்டப்போய்ப் பார்த்துவிடுவோம்.

கல்லூரிக் கண்காட்சியில் மகள் ஒரு வித்தை செய்து காட்டினாள். பழுப்புப் பாசியிலிருந்து எடுத்த சோடியம் ஆல்ஜினேட் கரைசலை ஊசிக்குழலில் எடுத்து, கால்சியம் குளோரைடு கலந்த தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டாள். சொட்டு கரையவில்லை. விழுந்த வேகத்தில் உருண்டு இறுகி, வேகவைத்த ஜவ்வரிசி போல அடியில் போய் உட்கார்ந்தது. கால்சியம் அந்தச் சங்கிலிகளைக் கோர்த்துக் கட்டிவிடுகிறதாம். அந்த உருண்டைக்குள் மருந்தை வைத்தால் வயிற்று அமிலத்தில் சுருங்கிக் கிடக்கும். குடலுக்குப் போனபிறகு ஊதி உடைந்து மருந்தை விடும். 1980இல் லிம், சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்சுலின் சுரக்கும் செல்களையே இப்படிப்பட்ட உருண்டைக்குள் வைத்து, சர்க்கரை நோய் உள்ள எலிகளுக்குள் செலுத்தி, சில வாரம் சர்க்கரையைக் கட்டுப்படுத்திக் காட்டியிருக்கிறார்கள். கேட்க மலைப்பாகத்தான் இருந்தது.

இந்த ஆல்ஜினேட்டும் அகாரும் காய்ச்சுகிற ஆலைகள் இந்தியாவிலேயே அதிகம் இருக்கிற இடங்களில் நம் மதுரைச் சுற்றுவட்டாரமும் ஒன்று. பாசி வருவது இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து. பாம்பன், மண்டபம், சின்னப்பாலம், ஏர்வாடிப் பக்கத்துப் பெண்கள் விடியுமுன்னே கடலுக்குள் போகிறார்கள். விரலில் துணியும் ரப்பரும் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கிறார்கள். ஆல்ஜினேட்டுக்குக் கட்டக்கோரை, பக்கடாப்பாசி. அகாருக்கு மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி. 1960களிலிருந்து நடக்கிற வேலை. 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தபிறகு அதே பெண்கள் திருடிகள் ஆனார்கள். பிடிபட்டால் அபராதம், பறிமுதல். மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது, இரும்பு போட்டுச் சுரண்டுவதில்லை என்று அவர்களே கூடிக் கட்டுப்பாடு வைத்தார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. விலையை மட்டும் இன்னமும் முன்பணம் கொடுக்கிற வியாபாரிதான் சொல்கிறான்.

மதுரையில் அப்படி ஓர் ஆலையின் வாசல்வரை போய்ப் பார்த்தேன். பெண்கள் கணுக்கால் தண்ணீரில் நின்று பாசி அலசிக்கொண்டிருந்தார்கள். கையுறை இல்லை. பிளீச்சிங் வாடை கண்ணைக் கரித்தது. ஒரு அக்காவிடம், "இது எதுக்குப் போகுதுக்கா?" என்று கேட்டேன். "ஐஸ்கிரீமுக்குன்னு சொல்றாக. மருந்துக்கும் போகுமாம். நமக்கென்னப்பா தெரியும்" என்றார். எங்கள் ஊர் எலும்பு யாவாரி ஞாபகம் வந்தது.

கடலில் முங்குகிற பெண்களும் ஆலையில் அலசுகிற பெண்களும் எல்லோரும் தலித்துகள் இல்லை. பல சாதி இருக்கிறார்கள். ஆனால் விரல் வெடிப்பும் கடனும் ஒன்றுதான். சைவம் என்று பச்சைப் புள்ளி குத்தின கூழிலும் அவர்களுடைய இரத்தம் இருக்கிறது. அந்தப் புள்ளியால் அதை மறைக்கத்தான் முடியும். மாடு புனிதமா என்று நாள் முழுக்கக் கத்துகிறவன் ஒருநாளாவது மாட்டெலும்பு பொறுக்கினவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டதில்லை. அவனே பாசி சுத்தமா என்று கேட்பான், பாசி எடுத்தவளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கமாட்டான்.

* * *

ஆகவே நாம் கேட்கவேண்டியவை இவை.

மெதுவாக வேலை செய்யும் ஒவ்வொரு மாத்திரை அட்டையிலும் 'உடைக்காதே, மெல்லாதே' என்று தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடவேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படம் வேண்டும். மருந்து கொடுக்கிறவர் வாயால் சொல்லவும் வேண்டும். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, மொத்தமாக வாங்கி மருந்தை மலிவாக்கிக் காட்டிய அரசுக்கு இது பெரிய வேலையில்லை.

ஒரு நாளைக்கு ஒன்று போட்டால் போதும் என்கிற மருந்துகள் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்கவேண்டும்.

மாத்திரைக் கூட்டை மாற்றுவதென்றால் மருந்தின் தரத்தையும் நோயாளியின் செலவையும் பார்த்து மாற்று. தீட்டுப் பார்த்து மாற்றாதே. வேண்டுமென்கிறவன் தன் காசில் வாங்கிக்கொள்ளட்டும்.

எலும்பு மில்லிலும் பாசி ஆலையிலும் வேலை செய்கிறவர்களுக்குக் கையுறை, காலுறை, இ.எஸ்.ஐ., சட்டக்கூலி. கடலில் முங்குகிற பெண்களுக்கு அடையாள அட்டை, சங்கத்தின் மூலம் விலை.

கடைசியாக மாணவத் தோழர்களுக்கு. நம் பிள்ளைகள் மருந்துப் படிப்புக்கும் வேதியியலுக்கும் போகவேண்டும். போனபிறகு வாயை மூடிக்கொண்டு உட்காராமல் இருக்க அவர்களுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். "லேப்ல என் பக்கத்துல யாரு நிப்பா" என்று என் மகள் கேட்டது என்னிடம் மட்டும் கேட்டது இல்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ள நம் அமைப்புகளிடம் கேட்டது.

அம்மா இப்போது மாத்திரையை நுணுக்குவதில்லை. அதே மருந்தை முழுங்க முடிகிற மாதிரி சின்ன மாத்திரையாக மாற்றி எழுதி வாங்கினோம். தெருவில் யார் மாத்திரை வாங்கி வந்தாலும், "ஏத்தா, இது உடைக்கிறதா உடைக்கக் கூடாததான்னு கேட்டியா?" என்று அவள்தான் கேட்கிறாள். நெற்றித் தழும்பைக் காட்டிக் கேட்கிறாள்.